லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த மகனுக்கு

மயூர் விஹார், தில்லி
பிப்ரவரி, ஞாயிறு மத்தியானம்

என் பிரியமுள்ள மகன் பிராங்ளினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நீயும் ஜெனியும் மெல்போர்னில் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அப்பாவைப் பொறுத்தமட்டில் அது உண்மை, இன்று காலையில் இரண்டு இட்லியும் அரை டம்ளர் காப்பியும் புரையேறாமல் இறங்கின, என்னைப் பொறுத்தமட்டில் அது கடிதம் எழுதுகிறவர்கள் எழுதுகிற வழக்கம், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் பேனாவும் தாளும் எதற்கு, போனில் அனுப்பக் கூடாதா என்று கேட்பாய். போனில் அனுப்பினால் நீ கட்டை விரலால் தள்ளிவிட்டு அடியில் ஒரு சிவப்பு இதயத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். தாளில் தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும், சாயங்கால ஜெபத்தில் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வேதம் வாசிக்கச் சொல்லி, தொடையில் கிள்ளிக் கிள்ளிக் கற்றுக்கொடுத்த தமிழ், ஒவ்வொரு வரியிலும் கொஞ்ச நேரம் நிற்பாய். நிற்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஜெனியை வாசித்துக் காட்டச் சொல்லாதே, நீயே படி.

இங்கே பனி குறைந்துவிட்டது, புகை குறையவில்லை. நீ வந்தபோது வேலை செய்யாத லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை, சொசைட்டி செக்ரெட்டரியைக் கேட்டால் ஹோ ஜாயேகா, ஆகிவிடும், ஆகிவிடும் என்கிறார், அவர் தரைத்தளத்தில் இருக்கிறார், அவருக்கு எப்போது ஆனால் என்ன. எதிர்வீட்டு சுந்தரவல்லியின் மகள் ஸ்நேகாவுக்கு உங்கள் ஊரிலேயே மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் புறப்படுகிறாள். இந்தக் கடிதமும், இது எந்த உறைக்குள் இருக்கிறதோ அந்தப் பொருளும் அவள் கையில்தான் வருகின்றன. ஆமாம், உன் டேப்லெட்டைத்தான் திருப்பி அனுப்புகிறேன். சார்ஜரும் உள்ளே இருக்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், நர்ஸ் புத்தி போகுமா. ஏன் திருப்பி அனுப்புகிறேன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த அந்தக் குளிர்காலத்தில் நீ எப்படி ஓடி வந்தாய் என்பதை நான் மறக்கவில்லை, மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. அப்போது முதுகில் அந்தக் கறுப்பு மூட்டை, அதற்குள் லேப்டாப், அதற்கு ஒரு செங்கல் சார்ஜர், காதுக்கு ஒரு பூட்டு. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையை ஆபீஸாக்கிக்கொண்டாய். உங்கள் ஊர் ஆபீஸ் நேரத்துக்காக இங்கே விடியலுக்கு முன்னாலேயே வேலைக்கு உட்கார்ந்து மத்தியானத்தோடு முடித்துவிடுவாய், பிறகு அப்பாவைக் குளிப்பாட்டுவாய், தூக்கிச் சக்கர நாற்காலியில் வைப்பாய், முகம் மழிப்பாய். ஒன்றரை மாதம் இருந்தாய். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து ஆளே பாதியாகத்தான் விமானம் ஏறினாய். அதையெல்லாம் பார்த்துத்தான் நான் நினைத்துக்கொண்டேன், எனக்கு ஒரு ஆபத்து என்றால் ஆள் இருக்கிறது என்று. அப்படி நினைத்தது என் தப்பா, நீயே சொல்.

என் முழங்கால் இரண்டும் போய்விட்டன என்பது உனக்குத் தெரியும். வார்டில் நின்றதில் பாதி போயிற்று, அப்பாவைத் தூக்கியதில் மீதி போயிற்று. இப்போது மாடிப்படி இறங்கினால் கேட்டில் நிற்கிற காவல்கார பையா கைகொடுத்தால்தான் ஏறுகிறேன், பால் வாங்கக்கூட இறங்குவதில்லை. முதலில் வலது காலை மாற்றிவிடலாம் சிஸ்டர், இன்னும் தள்ளிப்போட்டால் நீங்களும் சார் பக்கத்திலேயே இன்னொரு கட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் பெரிதில்லை, அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னால் அப்பாவைத் தொட முடியாது, அதுதான் பெரிது. ஏஜென்சி ஆளை நம்பி விட முடியாது என்பதை நீயும் பார்த்தாய், போன தடவை விட்டபோது அவன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்காமல் முதுகில் புண் வந்தது, ஒரு நர்ஸின் புருஷனுக்குப் படுக்கைப் புண், இதைவிட எனக்கு என்ன அவமானம் வேண்டும். இதையெல்லாம் நவம்பரில் போனில் சொன்னபோது நீ, நான் வர்றேன் மம்மி, நீங்க டேட் வாங்கிடுங்க என்றாய். நான் கேட்கவில்லை. நீயாகத்தான் சொன்னாய். அதற்குப் பிறகு இன்னொரு நாள், இந்த வாட்டி லேப்டாப் கொண்டுவரப் போறதில்ல மம்மி, டேப்லெட் மட்டுந்தான், லைட்டா டிராவல் பண்ணப்போறேன் என்றாய். அந்த ஒரு வார்த்தையில் நான் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. பிள்ளை இந்தத் தடவை ஆபீஸை அங்கேயே விட்டுவிட்டு வருகிறான், முழுசாக எங்களுக்காக வருகிறான் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

பண்ணிக்கொண்டது மட்டுமா, ஊரெல்லாம் சொன்னேன். சுந்தரவல்லியிடம் சொன்னேன், என் மகன் லேப்டாப்பைத் தொடப்போவதில்லையாம் என்று. அவள், நீங்க குடுத்து வெச்சவா சிஸ்டர், எங்காத்துப் பசங்க வந்தா ஏர்போர்ட்லேர்ந்தே மீட்டிங்னு ஆரம்பிச்சுடறதுகள் என்றாள். சபையில் பாஸ்டரம்மாவிடம் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வேறு போட்டேன். நீ வந்து இறங்கினாய், தோளில் ஒரு சின்னப் பை, கையில் சிலேட்டு மாதிரி அந்த டேப்லெட், வேறு ஒன்றும் இல்லை. மூன்று நாளைக்குக்கூடக் காணாத துணி. மெஷின் இருக்கிறதே, துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்வான் என்று அதற்கும் நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

அந்தச் சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். சிலேட்டை அப்பாவின் கட்டில் மேசையில் சாய்த்து வைத்து நம் பழைய போட்டோக்களைக் காட்டினாய். அப்பாவுக்கு ஸ்ட்ரோக்கில் தமிழும் போய், இங்கிலீஷும் போய், நாற்பது வருஷம் சர்க்கார் ஆபீஸில் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்ன ஹிந்தி அச்சா ஒன்று மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, பசித்தாலும் அச்சா, வலித்தாலும் அச்சா, எந்த அச்சாவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். இடது கை ஆள்காட்டி விரலால் தள்ளினால் அடுத்த படம் வரும் என்று நீ அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஒரு மத்தியானம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அச்சா. நான் அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். மகன் பெட்டி நிறைய கொண்டுவரவில்லை, இதைக் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அப்புறம் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாய், ஆபீஸ்ல பிரச்சனை மம்மி, உடனே கூப்பிடறாங்க, எங்க கம்பெனி சிஸ்டம் டேப்லெட்ல ஓப்பனே ஆகாது, லேப்டாப் மட்டும் இருந்திருந்தா நான் இங்கிருந்தே மேனேஜ் பண்ணியிருப்பேன் என்று. நான் நேரு பிளேஸில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்றேன். ஆபீஸ் கொடுத்ததுதான் வேலை செய்யும் என்றாய். ஜெனியைக் கூரியரில் அனுப்பச் சொல் என்றேன். அதெல்லாம் ரூல்ஸ்ல இல்ல மம்மி என்றாய். நான் நம்பினேன் பிராங்ளின். நம்பியது மட்டுமில்லை, உனக்காகப் பரிதாபப்பட்டேன். எங்களுக்காக வேலையை விட்டுவிட்டு வந்ததால்தான் பிள்ளைக்கு இந்தச் சங்கடம் என்று உன்னைத் தேற்றினேன், நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய், வருத்தத்தில் குனிந்திருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சின்னப் பையில் இடம் இல்லாமல் முறுக்கு டப்பாவைத் திணித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஆபரேஷன் வேண்டாம் என்று நானே சொன்னேன், தியேட்டர் நேரத்தை வீணாக்கிவிட்டீர்களே, நீங்களே இந்தத் தொழிலில் இருந்தவர் என்று அந்த டாக்டர் கடிந்துகொண்டார், வாங்கிக்கொண்டேன். நீ போனபிறகு அந்தச் சிலேட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் என் பிள்ளையைத் துரத்திவிட்டது என்று.

போன வாரம் ஜெனி பேசினாள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். நான் எவ்வளவோ சொன்னேன் அத்தை, லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்கன்னு, அவங்கதான் அது கையில இருந்தா மம்மி போன தடவ மாதிரி இங்கேயே உக்காந்து வேலையப் பாருன்னுருவாங்க, டேப்லெட்டுன்னா ஒரு வாரத்துல கிளம்பிரலாம்னு சொல்லிட்டு ஷெல்ஃப்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க என்றாள். நான் ஆமாம்மா என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அவளோடு இதற்காக நீ சண்டை போட்டால் எனக்குத் தெரிந்துவிடும், எச்சரிக்கிறேன். உண்மையை மறைக்கத் தெரியாத பெண், அதற்கு அவளைத் தண்டிக்காதே.

உன்னைவிட என்மேல்தான் எனக்குக் கோபம். வார்டு வாசலில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள் நான். உள்ளே வருகிறவர்கள் வாயைத் திறக்க வேண்டாம், கையைப் பார்த்தாலே போதும், தங்க வந்தவரா பார்த்துவிட்டுப் போக வந்தவரா என்று சொல்லிவிடுவோம். தங்க வருகிறவர் கையில் பிளாஸ்க் இருக்கும், கக்கத்தில் சுருட்டிய போர்வை இருக்கும், பிளாஸ்டிக் கூடையில் டம்ளரும் சோப்பும் ரப்பர் செருப்பும் இருக்கும். பார்க்க வருகிறவர் கையில் நாலு ஆரஞ்சு இருக்கும். ஆரஞ்சுக்காரர்கள் என்றுதான் நர்ஸுகள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். கட்டில் ஓரத்தில் ஒட்டி உட்காருவார்கள், அழக்கூட அழுவார்கள், பாசம் இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் விசிட்டிங் டைம் முடிகிற பெல் அடித்தால் முதலில் எழுந்திருப்பதும் அவர்கள்தான். ஒரு தடவைகூட நான் தப்பாகக் கணித்ததில்லை, ஜூனியர் பெண்கள் என்னிடம் கேட்டுத்தான் கூடத் தங்குகிற அட்டெண்டண்ட் பாஸை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்குச் சொந்தப் பிள்ளையிடம் சறுக்கியது. போர்வையோடும் பிளாஸ்கோடும் வரவேண்டியவன் கையில் ஒரு சிலேட்டோடு நின்றபோது, ஆஹா எங்களுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று வாசலிலேயே ஏமாந்தேன்.

நீ போனது எனக்குப் பெரிதில்லை. போன தடவை வாங்கிய அடியே உனக்கு இன்னும் ஆறவில்லை, அப்பாவைத் துடைத்துவிட்டு நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்ற சத்தம் எனக்கும் கேட்டதுதான், என்னால் முடியவில்லை மம்மி என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், சரி மகனே, வேறு வழி பார்க்கிறேன் என்றிருப்பேன். எத்தனையோ பேர் என்னிடம் வந்து சிஸ்டர் எனக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள், ஒருவரையும் நான் கேவலமாகப் பார்த்ததில்லை, வெளியே பெஞ்சில் உட்கார் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து, ஒவ்வொரு கட்டிலாகக் கூடவே நடந்து, இவருக்கு இந்த மருந்து, இவருக்கு இந்த வலி என்று சொல்லி ஒப்படைக்காமல் யாரும் வார்டை விட்டு நகரக்கூடாது. அடுத்தவள் வராவிட்டால் அப்படியே இரண்டாவது ஷிஃப்டும் நிற்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்கிறவளைக்கூட மன்னித்துவிடலாம், அதற்குள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வராமலிருக்க வழியையும் கூடவே எடுத்துக்கொண்டு வருகிறவளை நாங்கள் திரும்ப டூட்டியில் போடுவதில்லை. என் மகன் அந்த இரண்டாவது ரகம் என்று எனக்கு எழுத வேண்டியதாகிவிட்டது. போகிற அன்றுகூட நீ என்னிடம் எதையும் ஒப்படைக்கவில்லை, ஒரு டேப்லெட்டைத்தான் ஒப்படைத்தாய், இதுல தினம் என்னைப் பார்க்கலாம் மம்மி என்று.

தினம் பார்த்த கதையையும் சொல்கிறேன். நீ வீடியோவில் வருவாய், நான் சிலேட்டை அப்பா மேசையில் சாய்த்து வைப்பேன். நீ சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கு மறக்கவில்லை, உன் முகத்தைப் பார்த்ததும் ஆசையாக விரலை வைத்துத் தள்ளுவார். முகம் போய்விடும். நெட் கட்டாகிவிட்டது என்று நீ மறுபடி கூப்பிடுவாய், உன் பக்கத்தில் அப்படித்தானே தெரியும். இங்கே தான்தான் உன்னைத் தள்ளி அனுப்பிவிட்டோம் என்று அவர் பதறிப்போய் அச்சா அச்சா என்று கையைக் கட்டிலில் அடித்துக்கொள்வார். மூன்றாவது தடவை இது நடந்தபிறகு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சார்ஜ் இல்லை என்று உன்னிடம் சொன்னேன், நீயும் சரி மம்மி என்று விட்டுவிட்டாய். எடை குறைவான பொருள்தான், உனக்குப் பிரயாணத்துக்கு உதவும், வைத்துக்கொள். எங்களுக்கு வழக்கம்போல் போன் போதும், அதில் குரல் மட்டும் கேட்டால் அவர் அமைதியாகத்தான் இருக்கிறார்.

என் கால் விஷயம் என்ன ஆயிற்று என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மார்ச் முதல் வாரத்தில் மறுபடி தேதி வாங்கியிருக்கிறேன். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற வடிவு தெரியும் உனக்கு, நம் தமிழ் ஆட்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்தபிறகு அவளுக்கு ஊர்க் கோடியில் நரேலாவில் வீடு கொடுத்தார்கள், அங்கே போய்விட்டாள், அங்கிருந்து இங்கே வந்து போவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. அவளிடம் வீட்டோடு ஒரு மாதம் தங்குகிறாயா என்று கேட்டேன். அவள் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை, மத்த வூட்டு வேலைய வுட மாட்டேன் சிஸ்டரம்மா, காலைல அதுங்கள முடிச்சிட்டுத்தான் வருவேன், சம்பளமும் பேசின மாதிரி கரெக்டா குடுத்துடணும், எனக்கும் பஸ்ஸுல அலைஞ்சி அலைஞ்சி இடுப்பு போவுது, அதுக்குத்தான் ஒத்துக்கறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பாசத்தில் வரவில்லை, தனக்கும் வேண்டியிருந்ததால் வந்தாள், அதைச் சொல்லிவிட்டும் வந்தாள், அதில் எனக்கு ஒரு நிம்மதி. அப்பாவைக் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைக்கக் காலையில் ஒரு ஆளும் வருவார், அவர் பக்கத்தில் சுந்தரவல்லி நிற்கிறேன் என்றிருக்கிறாள், போனை எடுத்தால் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். நேற்று வடிவு முன்கூட்டியே பழகிக்கொள்ள வந்தாள். கதவைத் திறந்தேன். கக்கத்தில் ஒரு போர்வை, கையில் மூடி நசுங்கின ஒரு பிளாஸ்க். பிளாஸ்கை நானே வாங்கிக்கொண்டு உள்ளே வா என்றேன்.

ஆஸ்பத்திரியில் அட்டெண்டண்ட் யார் என்று கேட்டார்கள், வடிவு என்று சொல்லியிருக்கிறேன். மகன் இருக்கிறாரே என்று அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டாள், போன தடவை உன் பெயர் கொடுத்திருந்தேன் அல்லவா. எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்காக நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம். பணமும் அனுப்ப வேண்டாம், என் பென்ஷன் இருக்கிறது. வெயிலில் தொப்பி போடாமல் நடக்காதே, உங்கள் ஊரில் இப்போது கோடை என்று ஜெனி சொன்னாள், தோலில் மச்சம் ஏதாவது புதிதாக வந்தால் டாக்டரிடம் காட்டு. கழுத்தைக் குனிந்துகொண்டே வேலை பார்க்காதே, உனக்கு அப்பாவின் கழுத்து. லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன, கோயிலுக்குப் போ, போகாவிட்டாலும் போனேன் என்று என்னிடம் சொல்லாதே, இனிமேல் எதையாவது சொல்வதானால் உள்ளதைச் சொல்.

கர்த்தர் உன்னையும் ஜெனியையும் போக்கிலும் வரத்திலும் காக்க வேண்டும், உங்கள் வீட்டில் வியாதி அண்டக்கூடாது, நீங்கள் யாருக்கும் பாரமாகாமலும் உங்களுக்கு யாரும் பாரமாகாமலும் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், கோபத்தோடு ஜெபித்தாலும் ஜெபம் ஜெபம்தான். அடுத்த தடவை எப்போது வந்தாலும் வா, ஆரஞ்சுக்காரனாக வந்தாலும் வா, நாலு நாள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வா, நாலு நாளைக்கும் மீன் குழம்பு வைத்துப் போடுகிறேன், ஐந்தாம் நாள் இருக்கச் சொல்லமாட்டேன். ஸ்நேகாவுக்கு அங்கே புது இடம், விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வா, அதையாவது சொன்னபடி செய். இதுவரை எழுதியதை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன், அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டருக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. பனிக்கு அச்சா என்றார், லிஃப்டுக்கு அச்சா என்றார், என் காலுக்கும் வடிவுக்கும் அச்சா என்றார். நீ லேப்டாப்பை வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்ததை வாசித்தபோது மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அம்மா,
ரத்தினபாய் ஏசுதாஸ்